ஆழத்தை அளப்பது: நாக்குப் புற்றும் அறுவைக்கு முந்தைய ஸ்கேனும்



நாக்கின் ஓரத்தில் ஆறாத புண்ணோடு இரண்டு பேர் ஒரே காலையில் மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருடைய புண்ணும் ஒன்றரை சென்டிமீட்டர் அகலம். பயாப்சி முடிவும் இருவருக்கும் ஒன்றே: செதிள் செல் புற்று. முதலாமவருக்கு அது 2 மில்லிமீட்டர் ஆழத்தில் நின்றுவிட்டது. இரண்டாமவருக்கு 8 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் முதலாமவர் நாக்கின் ஓரத்தில் சிறு பகுதியைக் கொடுத்துவிட்டுச் சில நாளில் வீடு திரும்பக்கூடும். இரண்டாமவருக்குக் கழுத்தையும் திறந்து நிணநீர்க் கணுக்களை எடுத்தாக வேண்டும்.

2017ஆம் ஆண்டு முடியும்வரை நடைமுறையில் இருந்த அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழுவின் நிலை வகைப்பாட்டுக் கையேட்டின் ஏழாம் பதிப்பு இந்த இருவரையும் ஒரே தட்டில்தான் வைத்தது. குறுக்களவு 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் டி1. ஆழத்துக்கு அங்கே இடமில்லை. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பு இதை மாற்றியது. இப்போது டி1 என்று சொல்ல வேண்டுமானால் அகலம் 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மட்டும் போதாது, ஆழமும் 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆழம் 5ஐத் தாண்டினால் டி2. அகலம் 2 முதல் 4 சென்டிமீட்டருக்குள் இருந்தாலும் ஆழம் 10 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் டி3. இரண்டாம் நோயாளியின் கட்டி ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை. ஆனாலும் அவர் ஒரு படி மேலே போய்விட்டார்.

இந்த மாற்றம் திடீரென்று வந்ததல்ல. கட்டியின் தடிமன் கூடக் கூடக் கழுத்துக்குப் பரவும் ஆபத்தும் கூடுகிறது என்று நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையின் ரொனால்டு ஸ்பைரோவும் அவருடைய குழுவினரும் 1986இலேயே எழுதிவிட்டார்கள். 2014இல் பல நாடுகளைச் சேர்ந்த 11 மையங்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வாய்ப்புற்று நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தன. ஆழத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்பதை இன்னும் துல்லியமாகச் சொல்ல முடிகிறது என்று அதில் தெரிந்தது. ஸ்பைரோ எழுதியதிலிருந்து கையேடு திருந்துவதற்குள் முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அளவுகோலை எல்லோரும் ஒத்துக்கொள்வது அவ்வளவு மெதுவாகத்தான் நடக்கிறது.

ஆழத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? நாக்கு கிட்டத்தட்ட முழுவதும் தசை. நாக்குக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடியும் தசைகள் நீளவாக்கிலும் குறுக்காகவும் செங்குத்தாகவும் பின்னிக் கிடக்கின்றன. தாடை, நாவடி எலும்பு, மண்டையோட்டின் அடிப்பகுதி ஆகியவற்றிலிருந்து வரும் தசைகள் அவற்றோடு வந்து கலக்கின்றன. இவற்றுக்கிடையே புற்றைத் தடுத்து நிறுத்தும் உறுதியான சவ்வு கிடையாது. மேல்தோலைத் தாண்டிய செல்கள் தசைநார்களின் இடுக்கு வழியே ஊர்ந்து செல்லலாம். நிணநீர்க் குழாய்களும் அங்கே அடர்த்தி. பேசும்போதும் விழுங்கும்போதும் தசை சுருங்கிச் சுருங்கி அந்த நீரைக் கழுத்துப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

கழுத்தை எப்போது திறப்பது என்பதில் நெடுங்காலம் இரண்டு கட்சிகள் இருந்தன. கையில் கட்டி தட்டுப்படாவிட்டாலும் நாக்கோடு சேர்த்துக் கழுத்தையும் சுத்தம் செய்துவிட வேண்டும் என்றது ஒன்று. வந்தால் பார்த்துக்கொள்ளலாம், வீணாக ஏன் வெட்ட வேண்டும் என்றது மற்றொன்று. வழக்கைத் தீர்த்தது மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை. அனில் டிக்ரூஸ் தலைமையில் 2004 முதல் 2014 வரை அங்கே நடந்த ஆய்வின் முடிவு 2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. தொடக்க நிலை வாய்ப்புற்று இருந்த 500 பேரின் கணக்கு அது. அவர்களில் பெரும்பாலோருக்கு நாக்கில் புற்று. கழுத்தையும் முதலிலேயே சுத்தம் செய்தவர்களில் மூன்றாண்டு முடிவில் 80 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். காத்திருந்த பிரிவில் அது 67.5 சதவீதம். ஒரு புது மருந்து இந்த அளவு வித்தியாசம் காட்டியிருந்தால் பெரும் விளம்பரம் கிடைத்திருக்கும். இது இருக்கிற அறுவையை எப்போது செய்வது என்ற கேள்விக்குக் கிடைத்த விடை என்பதால் அறுவை மருத்துவர்களின் வட்டத்துக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை. ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. கத்தியை எடுப்பதற்கு முன்பே ஆழத்தை அறிய வேண்டிய கட்டாயம் இங்கேதான் வருகிறது.

ஸ்கேனுக்கும் முன்னால் வருவது மருத்துவரின் விரல். ஒரு விரல் நாக்கின் மேல், மற்றொன்று தாடைக்கு அடியில். நடுவே புண்ணைச் சுற்றியுள்ள கல் போன்ற இறுக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியும். நாக்கை நீட்டச் சொன்னால் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகிறதா, நோயாளி காதுவலி என்று சொல்கிறாரா என்பதும் செய்திதான். நாக்கில் நோயிருக்கக் காதில் வலிப்பது, இரண்டுக்கும் உணர்ச்சி தரும் நரம்புகள் ஒரே பெரிய நரம்பின் கிளைகள் என்பதால். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1.4 லட்சம் பேருக்கு உதடு, வாய்ப் புற்று புதிதாக வருகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2022ஆம் ஆண்டுக்குக் கணித்திருக்கிறது. அத்தனை பேருக்கும் முதல் பரிசோதனையைச் செலவில்லாமல் செய்வது அந்த இரண்டு விரல்கள்தான்.

ஆனால் விரலால் 4 மில்லிமீட்டருக்கும் 7 மில்லிமீட்டருக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். தசை, கொழுப்பு, கட்டி மூன்றையும் பிரித்துக் காட்டுவதில் சி.டி. அதற்கு ஈடாகாது. உடம்பிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தப்புலத்தில் நிறுத்தி, வானொலி அலையால் தட்டி, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது விடும் சைகையைக் கேட்டுப் படம் வரைகிறது அந்தக் கருவி. ஒரு வரிசைப் படங்களில் கொழுப்பு வெண்மையாகத் தெரியும். நாக்கின் தசைகளுக்கு நடுவே ஓடும் மெல்லிய கொழுப்புக் கோடுகள் எங்கே அறுந்திருக்கின்றன என்று பார்த்துக் கட்டியின் எல்லையைப் பிடிக்கலாம். இன்னொரு வரிசையில் தசை கறுத்துக் கட்டி வெளுக்கும். கடோலினியம் கலந்த மாறுபாட்டு மருந்தை ஏற்றிக் கொழுப்பின் ஒளியை அடக்கி எடுத்த படத்தில் கட்டி தனியே பளிச்சிடும். நீர்மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அசைகின்றன என்பதை வைத்து எடுக்கும் படமும் உண்டு. செல்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் அவற்றுக்கு அசைய இடமிருக்காது.

இவற்றையெல்லாம் எடுப்பதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். நாக்கில் புண் உள்ளவருக்கு எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். விழுங்கினால் படம் கலங்கும். "சத்தம் கேக்குறப்ப முழுங்காதீங்க, நின்னதும் முழுங்கிக்கலாம்" என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கும் தொழில்நுட்பர் ஒருவர் இருந்தால், பல கோடி ரூபாய்க் கருவியின் பலன் முழுவதும் கிடைக்கும்.

அளக்கும் முறையிலும் சூட்சுமம் இருக்கிறது. கட்டியின் தடிமனும் அது ஊடுருவிய ஆழமும் ஒன்றல்ல. பூக்கோசு போல மேலே துருத்திக்கொண்டிருக்கும் கட்டிக்குத் தடிமன் அதிகம், ஆழம் குறைவாக இருக்கலாம். குழிந்த புண்ணுக்குத் தடிமன் குறைவு, ஆழம் அதிகம். எனவே புண்ணின் இருபுறமும் உள்ள நல்ல தோலின் அடிமட்டத்தை இணைத்து ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து தூக்குநூல் விட்டாற்போலக் கட்டியின் அடி முனைவரை அளப்பதே ஆழம். முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது போன்ற குறுக்குவெட்டுப் படம் இதற்கு மிகவும் தோதானது. நாக்கின் நடுத்தடுப்பு, இருபுறமும் ஓடும் நாத்தமனி, நாக்கடிச் சுரப்பி, தாடையின் உள்விளிம்பு ஆகிய அனைத்தும் அதில் ஒரே பார்வையில் கிடைக்கும்.

இப்படி அளந்த எண்ணை அப்படியே நம்பலாமா? முழுக்க நம்ப முடியாது. எம்.ஆர்.ஐ. காட்டும் ஆழம் நோய்க்கூறியல் மருத்துவர் நுண்ணோக்கியில் அளப்பதைவிட 2, 3 மில்லிமீட்டர் கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. காரணம் இரண்டு. கட்டியைச் சுற்றியுள்ள வீக்கமும் அழற்சியும் படத்தில் கட்டியைப் போலவே தெரியும். வெட்டியெடுத்த திசுவோ சுருங்கிவிடும். வாய்ப்புற்று அறுவையில் எடுத்த விளிம்புகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்குகின்றன என்று டாடா மருத்துவமனையினரே 2005இல் அளந்து எழுதினார்கள். அறுவை மருத்துவர் கட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் நல்ல திசுவைச் சேர்த்து எடுப்பதற்கு இந்தச் சுருக்கமும் ஒரு காரணம். நுண்ணோக்கியில் 5 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும்.

வீக்கத்துக்கு இன்னொரு மூலம் உண்டு: பயாப்சி. சிறு துண்டு எடுத்த மறுநாளே எம்.ஆர்.ஐ. எடுத்தால், தெரியும் வெளுப்பில் எவ்வளவு புற்று, எவ்வளவு கத்தி பட்ட காயம் என்று பிரிக்க முடியாது. முதலில் படம், பிறகு பயாப்சி என்பதே நல்ல வரிசை. நம் ஊர் நடைமுறை பெரும்பாலும் நேரெதிர். பக்கத்து ஊர்ப் பல் மருத்துவர் துண்டெடுத்து அனுப்பி, முடிவு கையில் வந்த பிறகே நோயாளி பெரிய மருத்துவமனைக்குப் பேருந்து ஏறுகிறார். அதைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் துண்டை எடுக்கத் துணிந்ததால்தான் நோய் தெரிந்தது. ஆனால் "சின்னப் புண்தானே" என்று முழுப்புண்ணையும் அங்கேயே வழித்தெடுத்துத் தையல் போட்டு அனுப்புவது வேறு. அளப்பதற்கு எதுவும் மிஞ்சாமல் போகிறது. ஆழம், விளிம்பு, இருந்த இடம் எல்லாமே பிறகு ஊகம்தான்.

மிகச் சிறிய, மேலோட்டமான கட்டிகள் எம்.ஆர்.ஐ.யில் தெரியாமலே போவதும் உண்டு. அங்கே கைகொடுப்பது எளிய அல்ட்ராசவுண்ட். நீட்டிய நாக்கின் மேல் நேரடியாகவே வைக்கக்கூடிய சிறிய, ஹாக்கி மட்டை போல வளைந்த ஆய்வுமுனைகள் இருக்கின்றன. அதிர்வெண் உயர்ந்த ஒலியில் கட்டி கறுப்பாகவும் தசை சாம்பல் இழைகளாகவும் தெரியும். கதிர்வீச்சு இல்லை, காந்தக் குகைக்குள் படுக்க வேண்டியதும் இல்லை. அறுவை அரங்கிலேயே பயன்படுத்தலாம். நெதர்லாந்தில் வெட்டியெடுத்த நாக்குத் துண்டை உடனே அல்ட்ராசவுண்டில் வைத்து, அடியில் போதிய நல்ல தசை இருக்கிறதா என்று நோயாளி மேசையில் இருக்கும்போதே பார்த்திருக்கிறார்கள். வலியால் வாயைத் திறக்க முடியாதவருக்கும், நாக்கின் வேர்ப்பகுதியில் கட்டி உள்ளவருக்கும் இது ஒத்துவராது. புகையிலைப் பாக்கால் வாய் இறுகிப்போனவர்கள் நம் நாட்டில் ஏராளம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சி.டி.யின் இடம் எலும்பு. நாக்கிலிருந்து வாயின் தரைக்கு இறங்கிய கட்டி தாடையின் வெளி ஓட்டை அரித்திருக்கிறதா என்று அது சில நொடிகளில் சொல்லிவிடும். பல்லை அடைத்த உலோகம் இருந்தால் படம் முழுவதும் கீற்றுக் கீற்றாகச் சிதறும். வாயைத் திறக்கச் சொல்லியோ கோணத்தை மாற்றியோ இரண்டாம் முறை எடுப்பார்கள். தாடையின் ஓரத்தை மட்டும் செதுக்கினால் போதுமா, ஒரு பகுதியை முழுக்க அறுத்தெடுக்க வேண்டுமா என்பதை இந்தப் படமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பின்னதாக இருந்தால் காலெலும்பிலிருந்து எடுத்து வைக்கும் ஏற்பாடும் தேவைப்படலாம்.

கழுத்துக்கு வருவோம். படத்தால் சொல்லக்கூடியதும் சொல்ல முடியாததும் அருகருகே நிற்கும் இடம் இது. கணு பெருத்திருந்தால், உருண்டு திரண்டிருந்தால், நடுவே அழுகியிருந்தால், உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் ஸ்கேன் காட்டும். ஆனால் 2 மில்லிமீட்டருக்கும் சிறிய புற்றுத் துளி அளவில் இயல்பான கணுவுக்குள் ஒளிந்திருந்தால் எந்த ஸ்கேனுக்கும் தெரியாது. டாடா ஆய்வில் கழுத்தில் எதுவும் இல்லை என்று கருதி முன்கூட்டியே சுத்தம் செய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்குக் கணுவில் புற்று இருந்தது. எனவே கழுத்தின் படம் சுத்தமாக இருக்கிறது என்ற அறிக்கையைவிட நாக்கின் ஆழம் 8 மில்லிமீட்டர் என்ற அறிக்கை கழுத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் நடைமுறையில் அப்படித்தான்.

எதிர்ப்பக்கப் பிழையும் நம் நாட்டில் சாதாரணம். சொத்தைப் பல், ஈறு அழற்சி, வாய்ப்புண் எல்லாமே கழுத்தில் நெறி கட்டவைக்கும். காசநோய்க் கணுவும் நடுவே அழுகிப் புற்றுக் கணுவைப் போலவே தோன்றும். சர்க்கரையோடு ஃபுளோரின்-18ஐ இணைத்து ஏற்றி எடுக்கும் பெட்-சி.டி.யும் இதில் ஏமாறும். அழற்சியும் சர்க்கரையைத் தின்னும். சந்தேகக் கணுவில் அல்ட்ராசவுண்டின் கண்காணிப்பில் ஊசி வைத்துச் செல்லை உறிஞ்சிப் பார்ப்பதே இன்றைக்கும் நாணயமான வழி. சிறிய நாக்குக் கட்டியைச் சுற்றித் கதிரியக்க டெக்னீசியம் ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் கணுவைப் படமெடுத்து அதை மட்டும் எடுத்துச் சோதிப்பது இன்னொரு வழி. இது கழுத்தை முழுவதும் சுத்தம் செய்வதற்கு இணையான உயிர்பிழைப்பைத் தருகிறது என்று பிரான்சில் 2020இலும் ஜப்பானில் 2021இலும் வெளியான ஆய்வுகள் காட்டின. அதற்கு அணுமருத்துவப் பிரிவும் நுணுக்கமான நோய்க்கூறியலும் ஒரே கூரையின் கீழ் வேண்டும்.

எவ்வளவு எடுப்பது என்பதோடு எவ்வளவு மிஞ்சும் என்பதையும் படம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நடுத்தடுப்பைத் தாண்டாத கட்டி என்றால் பாதி நாக்கு பிழைக்கும். முன்கையிலிருந்து எடுத்த மெல்லிய தோலை வைத்தால் பேச்சு ஓரளவு திரும்பும். தடுப்பைத் தாண்டி மறுபக்க நாத்தமனியையும் நாவடி நரம்பையும் நெருங்கியிருந்தால் மிச்ச நாக்குக்கு ரத்தமும் இல்லை, அசைவும் இல்லை. அப்போது தொடையிலிருந்தோ மார்பிலிருந்தோ தடித்த சதையை வைத்து வாயை நிரப்ப வேண்டும். விழுங்கப் பழகுவதே மாதக்கணக்கான வேலை. இதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் அறுவைக்கு முந்தைய வாரமே சொல்ல முடிகிறது என்பது சிறிய விஷயமல்ல.

2007இல் சிகாகோவின் புகழ்பெற்ற அலீனியா உணவகத்தின் சமையல் கலைஞர் கிராண்ட் அகாட்ஸுக்கு முற்றிய நாக்குப் புற்று என்று தெரிந்தது. வயது 33. மருத்துவர்கள் சிலர் நாக்கின் பெரும்பகுதியை எடுக்க வேண்டும் என்றார்கள். அவர் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் முதலில் மருந்தும் பிறகு கதிர்வீச்சும் என்ற வழியை எடுத்தார். சுவை முழுவதும் போயிற்று; பிறகு படிப்படியாகத் திரும்பியது. இந்தக் கதையைக் கேட்டு எல்லோரும் கத்தியைத் தவிர்க்கலாம் என்று முடிவு கட்டினால் ஆபத்து. வாயிலுள்ள நாக்குப் பகுதியின் புற்றுக்கு அறுவையே இன்றும் முதல் சிகிச்சை. உயிரைக் காக்க நாக்கில் எவ்வளவை இழப்பது என்பதில்தான் பேரம் நடக்கிறது என்பதையே அகாட்ஸின் கதை காட்டுகிறது.

இத்தனையும் கடைசியில் ஒரு தாளில் இறங்க வேண்டும். "நாக்கின் வலது ஓரத்தில் 3 x 2 செ.மீ. கட்டி, கழுத்தில் சில சிறு கணுக்கள்" என்று மட்டும் எழுதிய அறிக்கைகள் இன்னும் வருகின்றன. அறுவை மருத்துவருக்கு அது உதவாது. ஆழம் எத்தனை மில்லிமீட்டர், எந்தப் படத்தில் அளந்தது. நடுத்தடுப்பு தப்பியதா, கட்டியிலிருந்து எவ்வளவு தூரம். நாத்தமனி ஒருபக்கமா இருபக்கமா. வாயின் தரை, தாடை, நாக்கு வேர் எப்படி. பயாப்சிக்கு முன்னா பின்னா. இவை இருந்தால்தான் அது அறிக்கை. அறிக்கையில் ஒரு சுமை குறைந்தும் இருக்கிறது. முன்பு நாக்குக்கு வெளியிலிருந்து வரும் தசையைத் தொட்டாலே கட்டியை டி4 என்று ஏற்ற வேண்டியிருந்தது. நாக்கின் ஓரத்தில் அந்தத் தசைகள் தோலுக்குச் சில மில்லிமீட்டர் கீழேயே ஓடுவதால் சிறு கட்டியும் அப்படி ஏறிவிடும். எட்டாம் பதிப்பு அந்த விதியை நீக்கியது நல்ல முடிவு. படம் படிப்பவர்களுக்கும் பெரிய விடுதலை.

அறுவை முடிந்ததும் படங்களைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. நோயாளியின் வீட்டில் படங்கள் பதிந்த குறுந்தட்டும் ஃபிலிம் உறையும் பத்திரமாக இருக்க வேண்டும். வைத்துத் தைத்த சதை எம்.ஆர்.ஐ.யில் முதலில் தசையாகத் தெரியும். நரம்புத் தொடர்பு அறுந்ததால் நாளடைவில் சுருங்கிக் கொழுப்பாக மாறும். ஒரு பக்கம் கொழுப்பு, மறுபக்கம் தசை என்று கோணலாகிப்போன அந்த வாயைப் புதிதாகப் பார்க்கும் ஒருவர், நன்றாக இருக்கும் பக்கத்தையே கட்டி என்று எண்ணிவிட முடியும். அறுவைக்கு முந்தைய படத்தையும், காயம் ஆறியபின் சில மாதங்களில் எடுக்கும் முதல் படத்தையும் பக்கத்தில் வைத்தால் அந்தக் குழப்பம் அநேகமாக வராது.